பதினான்காம் தூண்

என் கணவர் சாவியோ கடைசியாக என்னிடம் பேசியது வைஃபை பாஸ்வேர்டைப் பற்றி. மங்கலம்பேட்டையிலிருந்து பீங்கான் பொம்மை வாங்க வந்தவர் ஆபீஸ் வாசலில் போனோடு நின்றார்.

"நம்ம கல்யாணத் தேதிய பாஸ்வேர்டா வெச்சிருக்க. அத நான் எப்பிடி அவருகிட்ட சொல்றது? நீயே போட்டுக் குடு, ஜெனி."

போட்டுக் கொடுத்தேன். சாவியோ சூளைக்குப் போனார். அரை மணி நேரத்தில் காஸ் குழாய் கசிந்து தீப்பிடித்தது. உள்ளே அவர் மட்டும்தான் இருந்தார்.

கசிவு தெரிந்தவுடன் ஆபீஸ் கம்ப்யூட்டர் அலறியிருக்க வேண்டும். அதற்கான கருவியைச் சூளை அருகே பதினான்காம் தூணில் மாட்டி இணைத்தவள் நான். எங்கள் கம்பெனியில் எந்த இடத்தையும் தூண் எண்ணால்தான் சொல்வோம். நெட்வொர்க்கில் கருவியின் முகவரிக்கும் பதினான்கையே கையால் போட்டேன். வைஃபையில் சேரும் போன்களுக்குத் தானாக எண் கொடுக்கும் ரவுட்டரில் பதினான்கை விலக்கி வைக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு வேலைக்குப் போய், ரவுட்டரின் பதிவைத் திறந்தேன். அன்று வந்தவரின் போனுக்கு அதே எண் போயிருந்தது. கம்ப்யூட்டர் 'சூளை' என்ற பெயருக்கு உரிய எண்ணைத் தேடி எடுத்து, அந்த எண்ணில் கேட்டிருக்கிறது. கேள்வி போனுக்குப் போய்விட்டது. பதில் வராமல், திரை பழைய அளவையே பச்சையில் காட்டியிருக்கிறது.

குழாய் பழசு என்று முதலாளி விருத்தகிரி எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அதுவும் உண்மைதான். நான் வாயைத் திறக்காவிட்டால் அதோடு முடிந்துவிடும்.

முதலில் மாமியார் பாக்கியமேரியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நீ சொல்லலன்னா யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க அத்தை. ஆனா இன்னும் ரெண்டு கம்பெனிக்கு இதே மாதிரிதான் போட்டுக் குடுத்திருக்கேன்."

அத்தை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அங்கயும் புள்ளைங்க வேல செய்யுதுங்க. போயி சொல்லிட்டு வா."

இரண்டு இடத்திலும் சொல்லி, கருவிகளின் எண்ணை ரவுட்டர் தொடாத வரிசைக்கு மாற்றினேன். ஒருவர் நன்றி சொன்னார். இன்னொருவர் இனி இந்தப் பக்கம் வராதே என்றார். விருத்தகிரியிடம் கடைசியாகச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அத்தை அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். காலையில் எனக்கும் சேர்த்து டீ போடுகிறார். என் டம்ளரில் எப்போதும் போல அரைக் கரண்டி சர்க்கரைதான்.