காய்ச்சலில் படுத்த தளபதி

வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு இசக்கிசெல்வி மகளின் சிவப்புக் கோட்டுக்கு அளவு பார்த்தாள். தன்னுடைய பழைய நைட்டியை வெட்டித் தைத்த கோட்டு. பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் யுவஸ்ரீ பிரிட்டிஷ் அதிகாரி.

"நேரா நில்லுட்டி. ஊசி குத்திரும்."

"போம்மா. ஸௌம்யாக்கு வாஷிங்டன் ரோல். குதிரையெல்லாம் கீது அவளுக்கு. நான் ஒஹாராவாம். கத்திய குடுத்துட்டு தலைய தொங்கப்போட்டுகினு நிக்கணுமாம்."

"அது எந்தச் சண்டை?"

"அமெரிக்காக்காரங்க சுதந்திரம் கேட்டு பிரிட்டிஷ்காரங்களோட போட்ட சண்டைம்மா. யார்க்டவுன்னு ஒரு ஊர். பிரிட்டிஷ் பட்டாளத்த சுத்தி வளைச்சுட்டாங்க. ஏழாயிரம் பேரு சரண்டர். கார்ன்வாலிஸ்தான் அவங்க தளபதி."

"அப்ப அவம்லா கத்தியக் கொடுக்கணும்?"

"அங்கதாம்மா காமெடியே. அன்னிக்குன்னு பார்த்து அவருக்கு ஒடம்பு சரியில்லியாம். கீழ இருந்த ஒஹாராவ அனுப்பிட்டாரு."

குண்டூசி தரையில் விழுந்தது. இசக்கிசெல்வி அதைத் தேடவில்லை.

ஒரகடத்துத் தொழிற்சாலையில் அவள் பிரேக் குழாய்களுக்கு முனை பொருத்தும் பிரஸ் மெஷினில் நிற்கிறாள். ஒப்பந்தத் தொழிலாளி, ஆறு வருஷமாக. மூன்று வாரம் முன்பு ஒரு காலையில் பிரஸ்ஸின் அழுத்தம் குறைந்தது. விதிப்படி கயிற்றை இழுத்து, பழுதைத் தெரிவிக்கும் மஞ்சள் விளக்கைப் போட்டாள். சூப்பர்வைசர் தசரதன் ஓடி வந்து விளக்கை அணைத்தார். "ஓட்டும்மா, லோடு ஏத்தணும்." ஓட்டினாள். வாங்கிய கார் கம்பெனி நானூறு குழாய்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. முனைகள் கையோடு கழன்று வந்தனவாம்.

அந்தத் தொழிற்சாலையில் பழுது வந்தால் ஒரு படிவம் உண்டு. 'ஏன்?' என்று ஐந்து முறை கேட்டுப் பதில் எழுத வேண்டும். இன்று மதியம் ஆபீஸில் வேலை பார்க்கும் பாபு அதை அவளிடம் காட்டினான். ஐந்தாவது ஏனுக்குப் பதில் முன்கூட்டியே டைப் ஆகியிருந்தது: ஆபரேட்டர் கவனக்குறைவு.

"நாளைக்கு கஸ்டமர் ஆளுங்க வர்றாங்கக்கா. தசரதன் சாருக்கு காய்ச்சல். அவருக்குப் பதிலா நீ நின்னு ஒரு கையெழுத்து போட்டுடு. சும்மா ஃபார்மாலிட்டி. ஒண்ணும் ஆவாது."

சரி என்று சொல்லியிருந்தாள். காய்ச்சலில் கிடப்பவருக்கு ஓர் உதவி என்றுதான் நினைத்தாள். கூட வேலை பார்த்த கோமதியம்மாள் போன வருஷம் இப்படித்தான் கையெழுத்துப் போட்டாள். அவளைப் பத்தே நாளில் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் வேறு எந்த கம்பெனியும் அவளை எடுக்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று இந்த நிமிஷம் வரை இசக்கிசெல்விக்குத் தோன்றவில்லை.

"பெறவு அந்தத் தளபதிக்கு என்ன ஆச்சு? தண்டனை உண்டா?"

"தண்டனையா? அஞ்சு வருஷத்துல இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரலா அனுப்பிட்டாங்க."

"தோத்துட்டு ஓடுனவனையா? நமக்கா?"

"ஆமாம்மா. புக்லயே போட்டுகீது. இன்னாத்துக்கு இப்டி முழிக்கிற?"

மறுநாள் காலை. கண்ணாடி அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் கார் கம்பெனியிலிருந்து மூன்று பேர். பாபு படிவத்தை அவள் பக்கம் தள்ளி, பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தான். பேனாவை எடுத்த இசக்கிசெல்வி அதைப் படிவத்தின் மேல் குறுக்கே வைத்தாள்.

"நான் மஞ்ச லைட்டு போட்டேன் சார். மெஷின்லயே டயம் பதிஞ்சிருக்கும். அணைச்சது நான் இல்ல."

"அக்கா..." என்றான் பாபு. அவன் முகம் வெளுத்திருந்தது.

"தசரதன் சார் வரட்டும். அவரு வந்து நிக்கட்டும், பக்கத்துல நானும் நிக்கேன்."

மூவரில் மூத்தவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, ஐந்தாவது பதிலை இரண்டு முறை படித்தார். "யார் அணைச்சது?" என்று பாபுவைக் கேட்டார். பாபு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தவன் அவளைப் பார்க்கவில்லை.

"சார் வர்றாராம்."

தன் ஆறு வருஷமும் மேஜை மேல் கிடக்கிற அந்தப் பேனாவுக்குக் கீழே இருப்பதாக அவளுக்குப் பட்டது.

முக்கால் மணி நேரத்தில் தசரதன் உள்ளே வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. நெற்றியில் புதுத் திருநீறு. ஹெல்மெட்டைக் கழற்றினார். தலைமுடி ஈரமாக இருந்தது, காதோரம் ஒரு சொட்டு நீர் வழிந்தது.

காய்ச்சல்காரர் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தார்.

மேஜையைச் சுற்றி இருந்த எல்லோரும் அந்த ஒரு சொட்டையே பார்த்தார்கள்.