மூன்றாம் வரிசை

“இதில நான் எங்க?” என்று டொலறஸ் கேட்டாள்.

தேநீர்க் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோன தவநாயகி குடிக்காமலே அதைத் திரும்ப மேசையில் வைத்தாள். அவளுடைய கணவர் இராஜேந்திரன் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். வெளியே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்பர் டூட்டிங் றோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற சின்னத் தெரு, மழை, கவுன்சில் குப்பைத் தொட்டிகள்.

டொலறஸின் கையில் இருந்தது அச்சுக்குப் போகவிருந்த திருமண நிகழ்ச்சிநிரல். அவள் மகள் அஜித்தாவுக்கும் இவர்களுடைய மகன் லக்‌ஷனுக்கும் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. மணமகளை ஆலயத்துக்குள் அழைத்து வருவோர்: பெரிய தந்தையார் திரு. ஞானேஸ்வரன் தம்பதியினர். அவர் அஜித்தாவின் தகப்பனுக்கு மூத்தவர். சுவிஸில் இருக்கிறார். அஜித்தா அவரைத் தன் வாழ்நாளில் இரண்டு தடவை கண்டிருக்கிறாள். தாலித் தட்டை ஆசீர்வாதத்துக்குக் கொண்டு செல்பவர்: தவநாயகியின் தங்கை.

“அடுத்த பக்கத்தில இருக்கு அக்கா,” என்றாள் தவநாயகி.

அடுத்த பக்கம் ஆசன ஒழுங்கு. மூன்றாம் வரிசையில், சுவரோரமாக, ‘மணமகளின் தாயார்’ என்று இருந்தது.

தவநாயகி ‘விதவை’ என்ற சொல்லை ஒரு தடவைகூட வாயில் எடுக்கவில்லை. முறை என்றாள், வழமை என்றாள், பிள்ளைகளின் நன்மைக்குத்தான் என்றாள். தனக்கு இதில் ஒன்றுமே இல்லை, சனம் ஏதும் கதைத்தால் நாளைக்குப் பிள்ளைகளுக்குத்தான் மனக்கஷ்டம் என்றும் சொன்னாள். இராஜேந்திரன் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை மிஷன் ஆராதனையில் டொலறஸ்தான் பேச வேண்டும் என்று ஞாபகப்படுத்தினார். ஆபிரிக்காவில் விதவைகள் படும் பாட்டைப் பற்றிச் சொன்னால் சனத்துக்கு மனதில் பதியும் என்றார். அந்தச் சொல் அவர் வாயில் தடங்கலில்லாமல் வந்தது.

டொலறஸும் அவள் கணவர் பாஸ்டர் யோகராசாவும் சாம்பியாவுக்குப் போனபோது அஜித்தாவுக்கு ஆறு வயது. அனுப்பி வைத்தது இந்த டூட்டிங் தமிழ்ச் சபைதான். மிஷன் கமிற்றியின் தலைவராக அன்றும் இன்றும் இருப்பவர் இராஜேந்திரன். அவர்கள் போய் இறங்கிய ஊர் சிப்பாட்டா நகரத்திலிருந்து செம்மண் பாதையில் இரண்டு மணி நேரம் உள்ளே இருந்தது. முதல் இரண்டு வருசமும் மாமரத்தின் கீழ் ஆராதனை. பிறகு ஊர்ச்சனமே செங்கல் சுட்டு, தகரம் போட்டு, ஒரு ஆலயம் எழும்பியது. யோகராசா பிரசங்கம் செய்ததைவிடக் குழாய்க்கிணறுகளின் பம்புகளைத் திருத்தியதுதான் அதிகம். டொலறஸ் குழந்தைகளை எடை நிறுத்துப் பார்த்தாள், பிரசவத்துக்குப் போனாள், பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். எல்லோரும் அவளை ‘மாயி’ என்றார்கள். அந்த ஊர்ப் பேச்சில் அம்மா.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புருஷன் செத்தால், புதைத்த மண் காயமுன் அவனுடைய ஆட்கள் வந்துவிடுவார்கள். சட்டி, கட்டில், போர்வை, கோழி, கடைசியில் கூரைத் தகரம். பெண்சாதியும் பிள்ளைகளும் வெறுஞ்சுவருக்குள் இருப்பார்கள். எஸ்னாத் என்ற பெண்ணுக்கு அப்படி நடந்த அன்று டொலறஸுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த சாவுக்கு அவளும் சபைப் பெண்கள் நாற்பது பேரும் பாயைக் கொண்டுபோய்ச் செத்தவனின் வாசலில் விரித்து இருந்துவிட்டார்கள். மூன்று பகல், மூன்று இரவு. புருஷனின் அண்ணன் வந்தான், கத்தினான், இது என் உரிமை என்றான். ஊர்த்தலைவனும் அவன் பக்கம் நின்று, வெள்ளைக்காரிகூட இதில் தலையிட்டதில்லை, நீ யார் என்று முகத்துக்கு நேரே கேட்டான். டொலறஸ் பதில் சொன்னாள். அவன் திரும்பச் சொன்னான். வாதாடி வாதாடி, நாலு வருசத்தில் அந்த ஊரில் கூரை கழற்றுவது நின்றது.

மழைகாலமொன்றில் பாலத்துக்கு மேலால் ஓடிய வெள்ளம் யோகராசாவின் பிக்கப்பை இழுத்துக்கொண்டு போனது. அவரைப் புதைத்துவிட்டு வந்தபோது டொலறஸின் வாசலில் நாற்பது பாய்கள் விரித்திருந்தன. எங்கள் ஆட்களில் அப்படி யாரும் வரமாட்டார்கள், எழும்பிப் போங்கள் என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள். எஸ்னாத் எழும்பவில்லை. உங்கள் புருஷனுக்கும் ஒரு அண்ணன் இருப்பான்தானே மாயி என்றாள்.

வேறொரு பாஸ்டரை அனுப்புவதாக லண்டனிலிருந்து எழுதினார்கள். மூன்று வருசமாக எவரும் வரவில்லை. அந்த மூன்று வருசமும் டொலறஸே பிரசங்க மேடையில் நின்றாள். பதினொரு பேரை அடக்கம் செய்தாள். கல்யாணப் பெண்களின் தலையில் கை வைத்து ஜெபித்தாள். அந்தக் கை ராசியில்லாத கை என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு இடுப்பு வலி தாங்காமல், நர்ஸ் படிப்புக்காக முன்பே லண்டனுக்கு வந்துவிட்ட மகளிடம் வந்து சேர்ந்தாள். இப்போது முதியோர் இல்லமொன்றில் பகல் ஷிப்ட்.

மிஷன் ஞாயிறன்று அவள் பேசினாள். எஸ்னாத்தின் தகரங்களைப் பற்றிச் சொன்னாள், பாய் விரித்த கதையைச் சொன்னாள். ஆலயத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. எல்லோரையும்விட அதிகமாக அழுதவள் தவநாயகி. ஆராதனை முடிந்ததும் ஓடி வந்து டொலறஸைக் கட்டிப்பிடித்து, “பாவமக்கா அந்தச் சனங்கள், இந்தக் காலத்திலயும் இப்பிடியோ,” என்றாள். அவளுடைய கன்னத்து ஈரம் டொலறஸின் கழுத்தில் ஒட்டியது.

டொலறஸ் அதே இடத்தில், அதே அணைப்புக்குள் நின்று, நிகழ்ச்சிநிரலை மாற்றலாமா என்று கேட்டாள். தவநாயகி கையை எடுத்தாள். “அது வேற, இது வேற அக்கா. எனக்கு ஒண்டும் இல்லை. இவர்தான்…”

இராஜேந்திரனிடம் போனாள். அவர் திகைத்தவர்போல் பார்த்தார். தான் ஏன் மறுக்கப் போகிறேன், தான் அப்படிப்பட்ட ஆளா என்று கேட்டார். சபையில் நாலு பேர் நாலுவிதமாகக் கதைப்பார்கள், பாஸ்டர் சொன்னால் தனக்குச் சம்மதம் என்றார்.

பாஸ்டர் றொஷான் லண்டனில் பிறந்தவர். முப்பத்திரண்டு வயது. அவளைக் கதிரையில் இருத்தி, தானே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வேதத்தில் இப்படி ஒன்றும் இல்லை என்று அவள் சொல்லுமுன் அவரே சொன்னார். “எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை அன்ரி. ஆனா ரெண்டு குடும்பமும் பேசி ஒரு முடிவுக்கு வந்தால்தான் நல்லம். சேர்ச்சுக்குள்ள ஒரு பிரிவு வரக் கூடாது. நான் ஜெபம் பண்ணுறன்.” அந்த இடத்திலேயே ஜெபம் பண்ணினார். நீளமான ஜெபம். எல்லோருக்கும் சமாதானம் கேட்டார்.

சுவிஸுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஞானேஸ்வரன், மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள், தான் ஓமென்றுவிட்டேன், விமானச் சீட்டும் போட்டாயிற்று, தனக்கென்ன இதில் என்றார். லக்‌ஷனிடம் கேட்டபோது அந்தப் பிள்ளை முகம் சிவந்து, தனக்கு இந்த விசர்க்கதையில் நம்பிக்கையே இல்லை, அம்மாவோடு கட்டாயம் கதைக்கிறேன் என்றான். ஒரு கிழமை கழித்து, கதைக்க நல்ல நேரம் அமையவில்லை என்றான்.

டொலறஸ் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து 57ஆம் நம்பர் பஸ்ஸில் வரும்போது கணக்கெடுத்துப் பார்ப்பாள். தவநாயகிக்கு ஒன்றும் இல்லை. இராஜேந்திரனுக்கு ஒன்றும் இல்லை. பாஸ்டருக்கு, சுவிஸ் அத்தானுக்கு, மாப்பிள்ளைக்கு, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் நிகழ்ச்சிநிரல் அச்சாகி வந்தது. மூன்றாம் வரிசை, சுவரோரம். சாம்பியாவில் அந்த அண்ணன்காரன் வாசலில் நின்று மார்பில் தட்டி, நான்தான் எடுக்கிறேன் என்றான். அவனோடு சண்டை பிடிக்கலாம். இங்கே அவள் எந்தக் கதவைத் தட்டினாலும், திறந்தவர் அன்பாகச் சிரித்துப் பக்கத்து வீட்டைக் கையால் காட்டினார். பஸ்ஸின் முன் இருக்கைக் கம்பியை அவள் இறுக்கிப் பிடித்த பிடியில் விரல் மூட்டெல்லாம் வலித்தது.

அஜித்தா நிகழ்ச்சிநிரலைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். “சேர்ச் வேண்டாம் அம்மா. நானும் லக்‌ஷனும் ரெஜிஸ்டர் ஒஃபிஸில எழுதிப்போட்டு வாறம்,” என்றாள். அவளுடைய குரலில் தகப்பனின் கோபம் இருந்தது.

டொலறஸ் மாட்டேன் என்றாள். எழும்பிப் போனால் அவர்களுக்கு நிம்மதிதான், கதை முடிந்தது என்றாள். பிறகு வெகுநேரம் யோசித்து, “ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லையெண்டால், ஆர் மறிக்கப்போகினம்?” என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தான் என்ன சொன்னாள் என்பது அவளுக்கே விளங்கியது.

கல்யாணத்தன்று மழை விட்டிருந்தது. சபைக்கு அந்த ஆலயம் சொந்தமில்லை. காலையில் ஆங்கிலச் சபையும் பின்னேரம் தமிழ்ச் சபையும் கூடுகிற பழைய செங்கல் கட்டடம். வாசற்படியில் ஞானேஸ்வரன் புதுக் கோட்டோடு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி, பெரிய கரைச் சேலை. அஜித்தா காரிலிருந்து இறங்கி, கூறைச்சேலைக் கொசுவத்தைச் சரிசெய்து நிமிர்ந்தபோது, மூன்றாம் வரிசையில் இருக்க வேண்டியவள் உள்ளேயிருந்து நடந்து வந்தாள். சபையின் வீடியோக்காரர் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு பின்பக்கமாக நடக்கத் தயாராக நின்றார்.

டொலறஸ் மகளின் வலக்கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அத்தான்,” என்றாள், சத்தம் போடாமல். “மறிக்கிறதெண்டால் மறியுங்கோ. நீங்கள்தான் மறிச்சனீங்கள் எண்டு எல்லாரும் காணட்டும்.”

ஞானேஸ்வரன் உள்ளே பார்த்தார். இராஜேந்திரன் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவநாயகி பாஸ்டரைப் பார்த்தாள். பாஸ்டர் கீபோர்ட் வாசிப்பவரைப் பார்த்தார். கீபோர்ட் வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வாசலில் மணப்பெண்ணைக் கண்டதும் வாசிக்கத் தொடங்கிவிட்டார். ஞானேஸ்வரன் ஒரு அடி ஒதுங்கினார், ஏதோ தானே வழிவிட நினைத்திருந்தவர்போல்.

மணப்பெண் வரும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நின்றார்கள். டொலறஸின் இடுப்பு வலித்தது. அஜித்தா அவளுடைய கையை விடவில்லை. வரிசை வரிசையாகச் சிலர் சிரித்தார்கள், சிலர் குனிந்தார்கள். மூன்றாம் வரிசைச் சுவரோர இருக்கை வெறுமையாக இருந்ததை அவள் கடந்து போனாள். பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று பாஸ்டர் கேட்டபோது அவர் குரல் ஒரு கணம் தடுமாறியது. “தாய், நான் குடுக்கிறன்,” என்றாள் டொலறஸ்.

விருந்தில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தவநாயகி அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு கரண்டி ரைஸ் வைத்து, வடிவாய்ச் சாப்பிடுங்கோ அக்கா என்றாள். இராஜேந்திரன் நன்றியுரையில் சம்பந்தி குடும்பத்தின் மிஷன் ஊழியத்தைப் பாராட்டினார். நடந்தது நடக்காததுபோல் அந்த மண்டபம் முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது. தான் வென்றாளா என்று டொலறஸுக்கே விளங்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கல்யாண வீடியோ வந்தது. அஜித்தாவும் லக்‌ஷனும் ஒரு சனிக்கிழமை பின்னேரம் டொலறஸின் வீட்டுத் தொலைக்காட்சியில் அதைப் போட்டார்கள். கார் வந்தது. அஜித்தா இறங்கினாள். கொசுவத்தைச் சரிசெய்தாள். பிறகு ஆலயத்தின் நிறக்கண்ணாடி யன்னல், ஒரு பூங்கொத்து, இரண்டு புறா. அடுத்து அஜித்தா பீடத்துக்கு முன்னால் லக்‌ஷனுக்குப் பக்கத்தில் நின்றாள். நடந்து வந்தது இல்லை. “தாய், நான் குடுக்கிறன்” இல்லை.

லக்‌ஷன் ரிமோட்டை எடுத்துப் பின்னுக்கு ஓட்டினான். திரும்பவும் புறாக்கள்தான் வந்தன. அம்மாவிடம் கேட்கிறேன் என்று எழும்பினான். டொலறஸ் அவனை இருக்கச் சொல்லிவிட்டு, மனோர் பார்க்கில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் வீடியோக்காரர் சுபாஸ்கரனுக்குத் தானே கைபேசியில் எடுத்தாள். பெயரைச் சொல்லி, வீடியோ வடிவாக இருக்கிறது என்று சொல்லி, ஆலயத்துக்குள் நடந்து வந்த பகுதியை வெட்டச் சொன்னது யார் என்று கேட்டாள்.

தவநாயகியின் பெயர் வரும் என்று காத்திருந்தாள். இராஜேந்திரனின் பெயராவது வரட்டும் என்றிருந்தது. ஒரு பெயர் கிடைத்தால் போதும்.

“ஒருத்தரும் சொல்லேல்லை அன்ரி,” என்றார் சுபாஸ்கரன். அவர் குரலில் கள்ளம் இல்லை. “இப்பிடியானதுகளை நாங்களே வெட்டிப்போடுவம். இந்து வீடெண்டாலும் அப்பிடித்தான், வேதக்கார வீடெண்டாலும் அப்பிடித்தான். பதினெட்டு வருசமாய்ச் செய்யிறன். ஏன் வெட்டினனீங்கள் எண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை.”

“நான் கேக்கிறன், தம்பி,” என்றாள் டொலறஸ்.

பதிலுக்காக அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.