சிவப்புப் பெட்டி

பழுதாகித் திரும்பி வந்த மின்விசிறி யார் கை பட்டுப் போனதோ, அவர் காலைக் கூட்டத்தில் சிவப்புப் பெட்டியின் மேல் ஏற வேண்டும். விசிறியைத் தூக்கிப் பிடித்து, "தப்பு என்னுது. இனிமே நடக்காது" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் விசிறிகளை நகர்த்தி வரும் பெல்ட் ஓடும். அந்தத் தொழிற்சாலையில் இதற்குத் தரப் பண்பாடு என்று பெயர்.

அன்று நெட்டையின் முறை. ஓடும்போதே இறக்கை கழன்று விழுந்த விசிறி, அவன் திருகு இறுக்கியது.

"நெட்டைக்குப் பெட்டி எதுக்குப்பா? தரையில நின்னாலே கூரை இடிக்கும்," என்றாள் பேக்கிங் அக்கா. சிரிப்பு எழுந்து அடங்கியது.

நெட்டை விசிறியோடு ஏறினான். வாயைத் திறக்கவில்லை.

இறக்கையைப் பொருத்த ஒருவர், திருகை இறுக்க ஒருவர் என்று இரண்டு பேர் பார்த்த வேலை அது. போன மாதம் ஒருவரைத் தூக்கிவிட்டு, பெல்ட்டின் வேகத்தையும் கூட்டினார்கள். திருகு பாதி இறங்குவதற்குள் அடுத்த விசிறி வந்து நின்றது. அவன் போர்மேனிடம் சொல்லிப் பார்த்தான். போர்மேன் அவன் மனைவியின் அண்ணன். வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான். "சமாளி மாப்ள" என்பதோடு முடித்துக்கொண்டார்.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போர்மேன் பெட்டியருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லிட்டு இறங்கு மாப்ள. நானே எத்தனை தடவை சொல்லியிருக்கேன். உடம்புல ஏதாச்சும் குறைஞ்சு போச்சா?"

"குறைஞ்சதாலதான மச்சான், இப்ப என்னையும் சொல்லச் சொல்றீங்க."

"என் மானத்தை வாங்காத."

"வேகத்தைக் கூட்டினது யாரு? அவரு ஏறட்டும்." இதை அவன் குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை.

மேலாளரின் முகம் சுண்டிப்போயிற்று. "சொல்ல முடியாதுன்னா வாசல் அந்தப் பக்கம்."

சொன்னால் வேலை தப்பும். வேகமும் அப்படியே இருக்கும். அடுத்த இறக்கை யார் மண்டையில் விழுமோ, அதற்கும் ஒருவன் இதே பெட்டியில் ஏறுவான்.

நெட்டை இறங்கி, விசிறியை மேலாளரிடம் நீட்டினான். யோசிக்காமல் அவரும் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

வாசலை நோக்கி நடந்தவன் பின்னாலேயே போர்மேன் ஓடி வந்தார். "என் தங்கச்சிக்கு என்னடா பதில் சொல்லுவ?"

"வேலை போச்சுன்னு சொல்லுவேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வருது."

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். பெல்ட் இன்னும் ஓடவில்லை. விசிறியை யாரிடம் கொடுப்பது என்று மேலாளர் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கிங் அக்கா கைகளைக் கட்டிக்கொண்டாள். ஒருவரும் வாங்க வரவில்லை.