ஆயிரம் வருட மரத்தின் ஈரம்

கடற்கரைச் சாலையில் காலையிலிருந்து கார் ஓடியது. பெட்ரோல் பங்க் கழிப்பறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சீ, நாத்தம்! எனக்கு வேணாம்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர் என் கணவர். அந்தச் சுத்தக்காரர்தான், ஆயிரம் வருடத்து ராட்சத மரங்களைப் பார்க்க இறங்கியதும், இருப்பதிலேயே பெரிய மரத்துக்குப் பின்னால் ஒன்றுக்குப் போய்விட்டு, ஜிப்பை இழுத்துக்கொண்டே வந்தார்.

நான் முறைத்தேன். "ஒதுங்க வேற இடமே கிடைக்கலையா?"

"மரத்துக்கு உரம்டி" என்று இளித்தார்.

அதற்குள் எங்களோடு வந்திருந்த மாமியார் மரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், வேரில் உட்கார்ந்து அடிமரத்தை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருக்கிறார்.

"இத்தனை வயசாகியும் ஈரம் காயல பாருடா. உயிர் இருக்குடா இதுல!"

என் பின்னாலேயே வந்த பிள்ளை திருதிருவென்று விழித்தார். "ஆமாம்மா" என்றார்.

பின்சீட்டில் ஏறியதும் மாமியார் அதே கையால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு வேணாம் அத்தை. காலையிலேருந்து வண்டி ஓட்டுறாரு, பாவம். உங்க பிள்ளைக்கு ஊட்டி விடுங்க."

கண்ணாடியில் கணவரின் கண்கள் என்னைக் கெஞ்சின. மாமியார் முன்னால் சாய்ந்தார்.

"ஆ காட்டுடா."