ஒட்டுக்குக் கீழே

விஜேந்திரனின் அறைக்கு ஒரே ஜன்னல். கொழுந்து மூட்டையோடு சரிவில் விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து அதன் வழியே தெரிவதுதான் அவருக்கு உலகம்: தேயிலைச் சரிவு, லயத்து வரிசை வீடுகளின் தண்ணீர்க் குழாய், அவரே நட்ட தோடை என்கிற ஆரஞ்சு மரம். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அவர்களுடைய லயம் மேட்டில் இருந்தது. எங்கு போகவும் கற்படிகள்தான். சக்கர நாற்காலி அங்கே உதவாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டு சதீஸ்குமார் வருவான். "ஏறுங்க அண்ணே, பஸ் கெளம்பப் போவுது" என்று முதுகைக் காட்டுவான். சுமந்துபோய் மரத்தடியில் உட்காரவைப்பான். விஜேந்திரன் இலைகளைத் தடவிப் பார்ப்பார், பழத்தை முகர்வார். வாரம் முழுவதையும் அந்தக் கொஞ்ச நேரம்தான் தாங்கியது.

"கொப்பு அடஞ்சுபோச்சு தம்பி, கொஞ்சம் வெட்டிவிடு" என்றார் ஒரு நாள்.

சதீஸ்குமாருக்குத் தோட்டத்தில் கவ்வாத்து வேலை. தேயிலையை முழங்காலுக்கு வெட்டினால் புதிதாகத் தளிர்க்கும். அதுதான் அவன் கைக்குத் தெரிந்தது. அண்ணன் மாத்திரை மயக்கத்தில் தூங்கிய மத்தியானம், எழுந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று தோடையையும் அப்படியே வெட்டினான். அது ஒட்டுக்கன்று. அடிமரம் முள் நிறைந்த காட்டு எலுமிச்சை, மேலேதான் தோடை. கத்தி ஒட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

"என்னடா செஞ்ச?"

"தளுத்து வரும் அண்ணே, பாருங்களேன்."

"வரும்டா, முள்ளுதான் வரும்! இனி என் வாசல மிதிக்காத!"

அவன் மிதிக்கவில்லை. முள் வந்தது. மாதக்கணக்கில் விஜேந்திரன் வெயிலைக் காணவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் அவன் இருமுவதும், இவர் குரல் கேட்டால் சட்டென்று பேச்சை நிறுத்துவதும் கேட்டது.

"தேயில வெட்டுறவன் தேயில மாதிரிதானே வெட்டுவான்?" என்றாள் மனைவி கலாராணி. "கெட்ட மனசோடயா செஞ்சான்?"

"நீ என்ன, அவனுக்கு வக்கீலா?"

"இல்ல. ஒங்களத் தூக்க முடியாதவ."

ஒரு நாள் காலை கலாராணி ஈரத்துணி சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தாள். பிரித்தாள். தோடைக் குச்சி, பச்சை மொட்டுகளோடு.

"மொத பஸ்ல பதுளைக்குப் போய், நாத்துமேடையில கேட்டு வாங்கியாந்திருக்கான். முளைச்ச கொப்புல இத ஒட்டலாமாம். எங்கிட்டக் குடுத்துட்டு ஓடிட்டான்."

விஜேந்திரன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கோபத்தை ஆயுள் முழுவதும்கூட வைத்திருக்கலாம். வெட்டிய குச்சி அப்படியல்ல, வாடிவிடும். ஆண்டவன் சில நேரம் மனிதனுக்கு இவ்வளவு சிறிய வாசலைத்தான் திறக்கிறான், குனிந்துதான் போகவேண்டும்.

சுவரைத் தட்டினார்.

"டேய், சத்தமில்லாம ஒக்காந்திருக்காத. பஸ் வருமா, வராதா?"

சதீஸ்குமார் வந்தான். முதுகைக் காட்டினான். மரத்தடியில் விஜேந்திரனால் குனிய முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல அவன் பட்டையைக் கீறினான். முள் கிழித்து ரத்தம் வந்தது. அவன் கையை இழுக்கவில்லை. விஜேந்திரன் தன் துண்டால் அதைத் துடைத்தார். மொட்டைச் செருகி, பொலித்தீன் கீற்றால் கட்டினார்கள்.

மழை இருட்டியது. திரும்பவும் அதே அறை, அதே கட்டில்.

"புடிக்குமா அண்ணே?"

"தெரியலடா."

"ஞாயித்துக்கிழம வரவா?"

"ஞாயிறு வரைக்கும் எதுக்கு? நாளைக்கே வா. கட்டுக்குள்ள தண்ணி எறங்கியிருக்கான்னு பாக்கணும்."