காருக்குள் எரிந்த விளக்கு

சனிக்கிழமை காலையில் கார் மறுபடியும் கிளம்பவில்லை. சாவியைத் திருகினால் 'டக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நிரஞ்சனா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காரை வாங்க ஆள் வருகிறார். கிளம்பாத காரை யார் வாங்குவார்கள்?

மாமனார் ஓட்டிய பழைய மாருதி அது. அவர் போனபிறகு, செவிலிமேட்டு வீட்டிலிருந்து ஏனாத்தூருக்குப் பாடம் நடத்தப் போய்வர அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டு வருஷம் ஒரு குறையும் வைக்காத வண்டி, கடந்த மூன்று மாதமாகப் படுத்துகிறது. புது பேட்டரி போட்டார்கள். பெல்ட்டை இறுக்கினார்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவைக் கழற்றி அதன் கார்பன் பிரஷ்ஷை மாற்றினார்கள். சில நாள் ஒழுங்காக ஓடும், பிறகு ஒரு காலையில் அசையாமல் நிற்கும்.

விற்றுவிடலாம் என்று அவள் கணவன் ரிஷப் முடிவெடுத்தபோது, வேண்டாம் என்றது அவன் அம்மா குணமாலா மட்டும்தான்.

"அது பாட்டுக்கு நின்னுக்கினு இருக்கட்டுமேபா. உன்கிட்ட சோறா கேக்குது?"

அப்பாவின் ஞாபகம், விட மனசில்லை என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

குணமாலா அப்படியெல்லாம் கேட்டுப் பழக்கப்பட்டவள் இல்லை. வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தால் அடுப்பை அணைத்து மேடையைத் துடைத்துவிடுவாள். அதன்பிறகு யார் வாயிலும் ஒரு பருக்கை போகக்கூடாது. நிரஞ்சனாவும் சமண வீட்டுப் பெண்தான், ஆனால் சென்னையில் ராத்திரி ஒன்பது மணிக்குத் தோசை சுட்டுத் தின்று வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் விளக்கு வைத்தபிறகு ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. ஆனாலும் அத்தைக்கு அவள் மேல் பிரியம் உண்டு. சர்க்கரைக்கு இரண்டு வேளை ஊசி. அதை மருமகள் கைதான் போடவேண்டும். மகன் போட்டால் வலிக்கிறது என்பாள்.

பத்து மணிவாக்கில் எலெக்ட்ரீஷியன் வேல்முருகன் மீட்டரோடு வந்தார். வீட்டின் பின்பக்கம், ஜன்னல் எதுவும் பார்க்காத தகரக் கொட்டகையில் கார் நின்றது. தன் ஸ்கூட்டரில் கொண்டுவந்த பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து எஞ்சினைக் கிளப்பினார். பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தார். பதினாலு வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. ஹெட்லைட், ஹாரன், வைப்பர் எல்லாவற்றையும் போடச் சொன்னார். அப்போதும் பெரிதாக இறங்கவில்லை.

"டைனமோ கல்லு மாதிரி இருக்குதுமா. இத்தினி நாளா அதைப் போட்டு இம்சை பண்ணிக்கினு இருந்திருக்கீங்க. பகல்ல இது ஏத்துது, ராத்திரில எதுவோ குடிக்குது."

எஞ்சினை நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றி நடுவே மீட்டரைச் சேர்த்தார். கதவையெல்லாம் அறைந்து சாத்தியபோது மீட்டரில் ஒன்றுமில்லை. பின்கதவைத் திறந்து மெதுவாகச் சாத்தினார். கதவு ஒட்டினாற்போல் நின்றதே தவிரப் பூட்டில் விழவில்லை. உள்ளே கூரைவிளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மீட்டரில் எண் ஏறியது. இந்தப் பழைய கதவை அறைந்து சாத்தவேண்டும். யாரோ சத்தம் வராமல் சாத்துகிறார்கள், விடியவிடிய விளக்கு எரிகிறது, ராத்திரிக்கு ராத்திரி பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஒருநாள் காலியாகிறது என்று விளக்கினார். பிறகு அருகில் நின்ற ரிஷப்பைப் பார்த்து, ராத்திரியில் காருக்குள் உட்கார்ந்து யாரோடு பேசுகிறீர்கள் சார் என்று சிரித்தார்.

நிரஞ்சனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பின்சீட்டில் கையை விட்டாள். இடுக்கில் கடலைத் தூள். சீட்டுக்கு அடியில் கடலை மிட்டாய் பாக்கெட் ஒன்று, ரப்பர் பேண்ட் சுற்றி, பாதி தீர்ந்து.

"ஏங்க, பசிச்சா என்கிட்ட சொல்லக்கூடாதா? அத்தைக்குத் தெரியாம நானே வெச்சுக் குடுத்திருப்பேனே."

ரிஷப் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை. அவனும் அவளைத்தான் சந்தேகப்பட்டான். சென்னை நாக்கு என்று கேலி செய்தான். வேல்முருகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஒரு ராத்திரி கதவை அறைந்து சாத்திப் பூட்டுங்கள், காலையில் வண்டி எடுத்தால் நோய் இதுதான் என்று சொல்லி, மறுபடி எஞ்சினைக் கிளப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். கேட்டுக்குள் நிற்கிற காரை அவர்கள் பூட்டியதே கிடையாது. ரிஷப் பேட்டரி ஏற ஊரைச் சுற்றி ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவந்தான். நாளைக்கு வருபவருக்காக உள்ளே பெருக்கி, மிட்டாய் பாக்கெட்டைக் குப்பையில் போட்டு, நாலு கதவையும் பூட்டினான். பக்கத்து வீட்டுக்காரியோடு கோயிலுக்குப் போயிருந்த குணமாலாவிடம் இதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல நிரஞ்சனா ஊசி போட்டாள். மூவரும் சாப்பிட்டார்கள். இருட்டியது.

எட்டு மணி இருக்கும். ரிஷப் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டகைப் பக்கம் கடகடவென்று ஒரு சத்தம். நின்றது. மறுபடி கேட்டது. கார் கதவின் பிடியை யாரோ இழுக்கிறார்கள். திருடன் என்று நினைத்து போன் விளக்கைப் போட்டபடி பின்வாசலுக்கு ஓடிய நிரஞ்சனா அப்படியே நின்றாள்.

அத்தை தரையில் கிடந்தாள்.

ஒரு கை கதவின் பிடியைத் தேடி மேலே எழும்பி எழும்பி விழுந்தது. புடவை தொப்பலாக நனைந்திருந்தது. தொட்டதும் தெரிந்தது, தண்ணீரல்ல, வேர்வை. உடம்பு ஐஸாக இருந்தது. கண்கள் திறந்திருந்தன, அவை நிரஞ்சனாவைப் பார்த்தும் யாரென்று அடையாளம் காணவில்லை.

சர்க்கரை இறங்கிவிட்டது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. ரிஷப்பைக் கத்திக் கூப்பிட்டாள். சமையலறைக்கு ஓடித் தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் ரிஷப் வந்து அம்மாவைத் தூக்கி மடியில் சாய்த்திருந்தான். டம்ளர் உதட்டில் பட்டதும் குணமாலா பற்களை இறுக்கிக்கொண்டாள். மகன் கெஞ்சினான். தலை அந்தப் பக்கம் திரும்பியது.

"வூட்டுல வேணாம்," என்றாள். நாக்கு குழறியது. "காருல... காருல குட்துடு."

கடலைத் தூள், ரப்பர் பேண்ட், சத்தமில்லாமல் சாத்திய கதவு எல்லாம் ஒரே கணத்தில் நிரஞ்சனாவின் முன் வந்து நின்றன. ராத்திரிக்கு ராத்திரி, இருட்டில், இந்த மனுஷி.

ரிஷப் சாவியைக் கொண்டுவர ஓடினான். கதவைத் திறந்து அம்மாவை உள்ளே தூக்கினான். பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்ததும், யாரும் சொல்லாமலே குணமாலா வாயைத் திறந்தாள். ஒவ்வொரு மடக்காக உள்ளே போனது. நிரஞ்சனா ஒரு வாழைப்பழத்தை உரித்துத் துண்டு துண்டாக ஊட்டினாள். ரிஷப் முதுகைக் காட்டி வெளியே நின்றான். அம்மா இருட்டில் சாப்பிடுவதை அவனால் பார்க்க முடியவில்லை. பார்த்தால் அவளால் சாப்பிட முடியாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

கொஞ்சம் தெளிந்ததும் குணமாலாவே சொன்னாள். மூன்று மாதத்துக்கு முன் டாக்டர் சாயங்கால ஊசியின் அளவைக் கூட்டியபோது, படுக்கும் முன் எதையாவது சாப்பிட்டே ஆகவேண்டும் என்று எச்சரித்திருக்கிறார். நிரஞ்சனா அப்போது மருந்து வாங்க வெளியே போயிருந்தாள். சாமி இருக்கிற வீட்டுக்குள் இருட்டில் சாப்பிட மனசு வரவில்லை. இது வீடில்லையே, வண்டிதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"உன்ன அத்தினி பேசிட்டு, உன் எதுருல நான் எப்டிமா திம்பேன்?"

நிரஞ்சனா தன் கையைப் பார்த்தாள். மூன்று மாதமாக அந்த ஊசியை ஏற்றியது இந்தக் கைதான். ஏற்றிவிட்டு டிவி பார்த்திருக்கிறாள், தூங்கியிருக்கிறாள். விரல்களை மடக்கி மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று ரிஷப் முன்னே ஏறிச் சாவியைத் திருகினான். எஞ்சின் உடனே பிடித்தது.

தெரு முனையில் நிரஞ்சனா சொன்னாள். "இருட்டறதுக்கு முன்னாடியே சாப்புடுற மாதிரி ஊசிய மாத்தித் தர முடியுமான்னு டாக்டர நான் கேக்குறேன் அத்தை."

"முடியாதுன்னுட்டா?"

"முடியாதுன்னா, வூட்டுலதான் சாப்புடணும். டேபிள்ல. நானும் கூட உக்காந்து சாப்புடுவேன். பாவம் ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி."

குணமாலா ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற கடை விளக்குகளைப் பார்த்தாள். பிறகு, திரும்பாமலே, மருமகளின் பக்கமாகக் கையை நீட்டினாள். நிரஞ்சனா மீதிப் பழத்தை அதில் வைத்தாள்.