நெற்றியில் நொச்சித் தைலம்

மார்கழி பிறந்தால் ஒரகடத்தில் பனி கொட்டும்; உச்சிமாகாளிக்கு மூக்கு கொட்டும். பனியும் லாரிப் புழுதியும் சேர்ந்து அந்தத் திருநெல்வேலிப் பையனைத் தும்ம வைத்தால், இருபதுக்குக் குறையாமல் ஓயாது. வேறு வேலையென்றால் தும்மிவிட்டுப் போகலாம். அவனுக்கு வாய்த்ததோ கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. ஈரப் பெயின்ட் மேல் ஒரு தும்மல் விழுந்தால் பம்பர் குப்பைக்குப் போகும். இன்னொரு தடவை தும்மினால் லோடிங்குக்குத் தள்ளிவிடுவதாக சூப்பர்வைசர் பிரசன்னா சொல்லியிருந்தார். தை மாதம் அவனை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு இருந்த நேரம் அது.

கைகொடுத்தவள் கிளியம்மாள். பிள்ளைப்பாக்கத்துக்காரி, பெயின்டுக்கு முன்னால் பம்பரைத் துடைத்து அனுப்புகிறவள். ஏரிக்கரையில் நொச்சி பறித்து, நல்லெண்ணெயில் காய்ச்சி, ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே எச்சரிக்கையும் கொடுத்தாள். பெயின்ட் ஷாப்பில் எண்ணெய் என்றாலே விஷம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தால்கூட பெயின்ட் ஒட்டாமல் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும்.

"ரூம்லயே தேச்சிக்கோ தம்பி. வர்றதுக்கு முன்னாடி சோப்பு போட்டு மூஞ்சிய நல்லா கழுவிடணும், இன்னா?"

பத்து நாள் அப்படியே செய்தான். தும்மல் போன இடம் தெரியவில்லை. பதினோராம் நாள், கம்பெனி பஸ் வல்லக்கோட்டையைத் தாண்டும்போது மூக்கு நமநமத்தது. பயந்துபோய் பாட்டிலைத் திறந்து நெற்றியிலும் மூக்கிலும் அப்பிக்கொண்டான். இறங்கியதும் பஞ்ச் அடிக்கிற அவசரம். கையை மட்டும் கழுவினான். மூஞ்சி முகமூடிக்குள்தானே இருக்கப்போகிறது என்று நினைத்தான், பெரிய கெட்டிக்காரன்.

வேர்வைக்கு முகமூடி ஒரு பொருட்டா? எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வெளியே சொட்டியது. பதினான்கு பம்பரில் குழி விழுந்தது. பிரசன்னா லைனை நிறுத்திவிட்டு ஒவ்வொருவர் கையாக மோந்து பார்த்தார். உச்சிமாகாளி கையில் சோப்பு வாசனை. கிளியம்மாள் கையில் நொச்சி வாசனை. காலையில் இவனுக்காகத்தான் இலை பறித்துப் புதுத் தைலம் காய்ச்சியிருந்தாள்.

நொச்சியைத் தொட்டது உண்மைதான், கழுவிவிட்டுத்தான் வந்தேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பிரசன்னா காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபது பேர் முன்னால் அவளைக் கிழித்துத் தோரணம் கட்டினார். உச்சிமாகாளி வாயைத் திறந்திருக்கலாம். தை மாதத்து நிரந்தரம் குறுக்கே நின்றது. நெற்றி எண்ணெய் வழிந்து கண்ணை எரித்தது. துடைத்தால் தெரிந்துவிடுமே என்று துடைக்காமல் நின்றான். அப்படி நின்றதை நினைத்தால் அவனுக்கே அவன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஷிப்ட் முடிந்து வந்தபோது கேட்டருகே அவள் காத்திருந்தாள். நாளையிலிருந்து அவளுக்குக் கக்கூஸ் கழுவும் வேலையாம். தெரிந்துபோய்த் திட்டத்தான் நிற்கிறாள், திட்டட்டும் என்று ஏறக்குறைய ஆசையோடு போனான். அவள் பையிலிருந்து புது பாட்டில் ஒன்றை எடுத்தாள்.

"என் கையாலதான் போச்சு தம்பி. சரியா கழுவல போல கீது. என்னால உங்க லைனே நின்னுபோச்சு." பாட்டிலை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "நீ வுடாம தேச்சிக்கோ. ஆனா நல்லா கழுவிட்டு போ. என்ன மாதிரி பண்ணிடாத."

இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. பஸ்ஸில் ஹாரன் அடித்தார்கள்.

"சரிக்கா" என்றான்.